மூடுகை உத்தியோகத்தரின் நிரந்தர நியமனம்

யாழ்ப்பாணத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை ஒன்றில் வெளிநாடு போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நிரந்தரமான அரசாங்க உத்தியோகம் எடுத்திருக்க வேண்டும். இது சட்டம். எந்தப் பாராளுமன்றத்திலும் நிறைவேறாத சட்டம் என்றபடியால் இதை ஒருவரும் மீறுவதில்லை.

நெல்லியடிச் சிவதர்ஷன் மீறிவிட்டான். அவன் சும்மா இருந்து மீறவில்லை. பட்டம் எடுத்து, கிடைத்த வேலைக்கெல்லாம் விடிய எழும்பிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய்த்தான் மீறினான்.

முதலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. கீரை முடிந்து பருப்புக்கு வரும்போது திட்டம் முடிந்துவிட்டது. பிறகு நல்லூரில் ஒரு புது ஹோட்டலில் வரவேற்பாளர். வரவேற்க ஆள் வர முன்னம் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு ஒரு நிதி நிறுவனம். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் முகாமையாளரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பிறகு ஒரு கணினி நிறுவனம். அதன் தலைமை அதிகாரி கடல் கடந்த ஊரிலிருந்து திரையில் தோன்றி, "நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்" என்றார். அன்று பின்னேரமே குடும்பம் கலைக்கப்பட்டது. கடைசியாக, கோழிக்கூடு கட்டிக்கொடுக்கும் திட்டம். எங்கோ ஒரு வெளிநாட்டில் தேர்தல் நடந்து யாரோ வென்றார்கள். நெல்லியடியில் கூடு பாதியில் நின்றது. கோழிகள் இன்றைக்கும் மரத்தில்தான் படுக்கின்றன.

இதெல்லாம் அவனோடு போயிருந்தால் பரவாயில்லை. அளவெட்டியில் அவன் விரும்பிய நிவேதனா இருந்தாள். அவள் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அங்கே உத்தியோகத்தர் கூடுதல், கதிரை குறைவு. ஆகவே செவ்வாயும் வியாழனும் அவள் நின்றுகொண்டு நாட்டை அபிவிருத்தி செய்தாள். நின்றாலும் நிரந்தரம். அவளுடைய தம்பி டினேஸ் வீட்டிலிருந்தான். செய்தால் அரசாங்க உத்தியோகம்தான் செய்வேன் என்ற கொள்கையுள்ள பிள்ளை. அந்தக் கொள்கையில் இதுவரை ஒருநாள்கூட வழுவியதில்லை.

இவர்களின் தகப்பன் சோமசேகரம், ஓய்வுபெற்ற தபாலதிபர். சிவதர்ஷன் பெண் கேட்டுப் போனபோது அவர் தேத்தண்ணியும் கொடுத்து நிபந்தனையும் கொடுத்தார்.

"தம்பி, வேலை இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. நிரந்தரமோ எண்டுதான் கேக்கிறன்."

"இப்ப எங்கை மாமா நிரந்தரம் இருக்கு?"

"கனடாவிலை இருக்கு. பிள்ளையை ஒரு இடத்திலை கேட்டு வந்திருக்கினம். பெடியனுக்கு நிரந்தர வதிவிடம்."

"அவருக்கு என்ன வேலை?"

"அது நான் கேக்கேல்லை." சோமசேகரம் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லூர்க் கோயில் கொடி ஏற முன்னம் ஒரு முடிவு சொல்லும்."

சிவதர்ஷன் நேர்முகப் பரீட்சைகளுக்கு ஓடித் திரிந்தான். எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவனுடைய வேலைகளை மேலிருந்து கீழே பார்ப்பார். கீழிருந்து மேலே பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் ஒரு இடத்திலையும் நிண்டு பிடிக்கேல்லை?" என்று கேட்பார். அவன் நடந்ததைச் சொல்லுவான். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அது சரி, ஆனா ஏன் நிண்டு பிடிக்கேல்லை?" என்பார்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் 'வாழ்க்கைத் தொழில் வழிகாட்டி' ஜெயரூபன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்தவர். அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார் என்பதிலிருந்தே அவருடைய அனுபவத்தை ஊகிக்கலாம். தனிப்பட்ட ஆலோசனைக்குத் தனிக் கட்டணம். சிவதர்ஷன் அதையும் கட்டினான்.

"தம்பி, 'வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம்' எண்ட கதையை இண்டையோடை விட வேணும்," என்றார் ஜெயரூபன்.

"அப்ப என்னெண்டு சொல்லுறது?"

"மாற்றத்துக்கான அழைப்பு எண்டு சொல்லும்."

"ஆர் அண்ணை அழைச்சது?"

"வாழ்க்கை."

"வாழ்க்கை இல்லை அண்ணை. மனிதவளப் பிரிவு. கிறிஸ்ரினா எண்டு ஒரு பிள்ளைதான் எடுத்துச் சொன்னது. அடுத்த கிழமை அந்தப் பிள்ளையையும் நிப்பாட்டிப்போட்டினம்."

"உதுதான் எதிர்மறைச் சிந்தனை. நீர் ஹோட்டலிலை எவ்வளவு காலம்?"

"மூண்டு மாதம்."

"விருந்தோம்பல் துறையில் சுருக்கமான, ஆனால் ஆழமான ஒரு பயணம். எங்கை, கண்ணாடியைப் பாத்துச் சொல்லும்."

சிவதர்ஷன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். கண்ணாடிக்குள் நின்றவன் நம்பின மாதிரித் தெரியவில்லை.

பாடம் பண்ணிய வசனங்களோடு அவன் போனது, நெல்லியடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அருளம்பலத்திடம். களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. அது நிரந்தரம் இல்லைத்தான். ஆனால் அருளம்பலத்தின் கடை ஊரில் மூன்று தலைமுறையாக நிற்கிறது. சோமசேகரத்திடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

"விருந்தோம்பல் துறையில் சுருக்கமான, ஆனால் ஆழமான ஒரு பயணம்," என்று தொடங்கினான்.

"பயணமோ? எங்கை போனனீர்?"

"இஞ்சைதான் முதலாளி. நல்லூர்."

"நல்லூருக்குப் போறதுக்கு மூண்டு மாதமோ?"

சிவதர்ஷன் வசனங்களைக் கைவிட்டு நடந்ததைச் சொன்னான். ஹோட்டல் பூட்டியது, நிதி நிறுவனம் பூட்டியது, கணினி நிறுவனம் பூட்டியது. சொல்லச் சொல்ல அருளம்பலம் கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்தார்.

"தம்பி, நான் குறை நினைக்கேல்லை. ஆனா நீர் கால் வைச்ச இடமெல்லாம் பூட்டியிருக்கு."

"அவை பூட்டினபடியால்தான் முதலாளி நான் உங்களிட்டை வந்தனான்."

"அதை நீர் சொல்லுறீர். மற்றப் பக்கத்தையும் கேக்க வேணுமெல்லே. கேப்பமெண்டால் அவை பூட்டிப்போட்டினம்."

இந்த வாதத்தை உலகத்தில் யாராலும் வெல்ல முடியாது. சிவதர்ஷன் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு எழும்பினான். அவன் வெளியே போனதும் அருளம்பலம் கடைவாசலில் மஞ்சள் தண்ணி தெளிப்பித்தார். அன்று மாலைக்குள் செய்தி சந்தையைக் கடந்து பருத்தித்துறை வரை போய்விட்டது.

நாங்கள் யாரும் அவனை வெறுக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். பலசரக்குக் கடையில் அவன் படி ஏற முன்னமே, "தம்பி அதிலை நிண்டு சொல்லும், நான் கொண்டுவந்து தாறன்" என்றார்கள். சலூன்காரர் கதிரையை ஒழுங்கையில் போட்டு, காற்றோட்டம் நல்லது என்று சொல்லி, அங்கேயே முடி வெட்டிவிட்டார். கோயிலில் மட்டும் தடை இல்லை. கோயில் பூட்டாது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. என்றாலும் அவன் கும்பிட வரும் நேரங்களில் தர்மகர்த்தா கதவுத் திறப்புக்கோர்வையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் இருளும் மைம்மல் பொழுதில் அருளம்பலம் அவனுடைய வீட்டுப் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச் சொல்ல, வேண்டாம் என்று வெளியிலேயே நின்றார்.

"தம்பி, உமக்கு ஒரு வேலை வைச்சிருக்கிறன்."

சிவதர்ஷன் படலையை அகலத் திறந்தான். "சொல்லுங்கோ முதலாளி."

"என்ரை கடையிலை இல்லை. எனக்கு முன்னாலை புதுசா ஒரு கடை திறந்திருக்கிறாங்கள். அதிலை போய் ஒரு மாதம் நில்லும். ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா நிண்டால் காணும். சம்பளம் நான் தாறன்."

அவன் படலையைச் சாத்தினான். கோபப்படத்தான் நினைத்தான். அழுகைதான் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் வேலை தருகிறேன் என்று தேடி வந்திருக்கிறார், அதுவும் இப்படி. நிவேதனாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னான்.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் நிவேதனா. "உங்களுக்கே சந்தேகம் வந்திட்டுதோ?"

"இல்லை," என்றான். பிறகு, "கொஞ்சம்," என்றான்.

இந்த இடத்தில் கிணறு கணக்கெடுப்புத் தற்காலிகப் பணியகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சண்டை முடிந்த காலத்தில், குடாநாட்டுக் கிணறுகளை எண்ணுவதற்கென்று நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இந்தக் கந்தோர் திறக்கப்பட்டது. கிணறு ஓடி ஒளிகிற சாமான் இல்லை, ஆகவே ஒரு வருடம் போதும் என்று மேலிடம் கணித்தது. ஆனால் இவர்கள் முன்னால் எண்ணிக்கொண்டு போக, பின்னால் சனங்கள் பழைய கிணற்றைத் தூர்த்தார்கள், புதுக் கிணறு தோண்டினார்கள். எண்ணியதைத் திரும்ப எண்ண வேண்டி வந்தது. திரும்ப எண்ணியதைச் சரிபார்க்க ஒரு பிரிவு வந்தது. சரிபார்க்கிறவர்களை மேற்பார்வை செய்ய ஒரு வாகனம் வந்தது. இப்படியே தற்காலிகமாகப் பதினைந்து வருடம் போய்விட்டது.

நாடு வங்குரோத்தானதும் மேலிடத்துக்குச் சிக்கனம் பிடித்தது. தேவையில்லாத கந்தோர்களை மூடும்படி சுற்றுநிருபம் வந்தது. மூடுவதற்கு ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பைத் தற்காலிக ஊழியரிடம் கொடுத்தால், கந்தோர் முடிய முன்னம் அவருடைய காலம் முடிந்துவிடலாம். ஆகவே 'மூடுகை உத்தியோகத்தர்' என்ற பதவி, ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தரப் பதவியாக உருவாக்கப்பட்டது. செலவைக் குறைப்பதற்காக மேலிடம் செய்த முதல் செலவு அதுதான்.

நேர்முகப் பரீட்சை கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் நடந்தது. நடுவில் பணிப்பாளர் தம்பிராசா. ஒரு பக்கம் நிர்வாக உத்தியோகத்தர் கேதீஸ்வரி மிஸ். மறுபக்கம் கொழும்பிலிருந்து வந்த ஐயா. தம்பிராசா சிவதர்ஷனின் வேலைகளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

சிவதர்ஷனுக்கு அலுத்துவிட்டது. அவர் கேட்க முன்னமே அவன் சொன்னான்: "சேர், நான் ஒரு இடத்தையும் விட்டிட்டு வரேல்லை. எல்லா இடமும்தான் என்னை விட்டிட்டுப் போனது."

அவன் தன் வாழ்க்கையில் சொன்ன மிக உண்மையான வசனம் அது. யாருக்காவது அது விளங்கும் என்று எதிர்பார்த்தான்.

"பூட்டேக்கை நீர் உள்ளை நிண்டனீரோ?" என்று கேட்டார் கொழும்பு ஐயா.

"ஓம் சேர்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் சேர். ஹோட்டலிலை லைற் நிப்பாட்டினது நான்தான்."

ஐயா மற்ற இருவரையும் பார்த்தார். "பல்வேறு துறைகளைச் சேர்ந்த ஐந்து நிறுவனங்களின் மூடுகையைக் களத்தில் இருந்து அவதானித்த அனுபவம். இந்த மாகாணத்திலை இப்பிடி ஒரு ஆள் இருக்கிறது எங்களுக்குத் தெரியாமல் போச்சே."

நியமனக் கடிதம் கிடைத்தது. சோமசேகரம் அதை நெற்றியில் ஒற்றிச் சாமிப் படத்தட்டில் வைத்தார். கனடா மாப்பிள்ளைக்கு, பிள்ளையின் சாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாக அறிவிக்கப்பட்டது. கொடியேறித் திருவிழா முடிந்து, ஆவணியில் கலியாணம் நடந்தது. அருளம்பலம் நேரில் வந்து குத்துவிளக்குப் பரிசளித்தார். "அரசாங்கத்துக்கு உம்மடை திறமை தெரிஞ்சிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

சிவதர்ஷன் நேர்மையானவன். மூடச் சொல்லி எடுத்தார்கள், ஆகவே மூடத் தொடங்கினான். தளபாடத்தைப் பதிந்தான், வாகனத்தைத் திருப்பி அனுப்பினான், ஆட்களுக்கு வேறு திணைக்களங்களில் இடம் பார்த்தான். பதினைந்து வருட வேலையை இரண்டு மாதத்தில் சுருட்டிவிட்டான். அப்போதுதான் தம்பிராசா அவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, உம்மடை வேகம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்டு கேக்கிறன். கந்தோர் மூடினாப் பிறகு நீர் எங்கை இருப்பீர்?"

"என்ரை பதவி நிரந்தரம்தானே சேர்."

"பதவி நிரந்தரம். அது இருக்கிற கந்தோர் தற்காலிகம். கந்தோர் போனால் பதவி எங்கை போய் நிக்கிறது?"

"அப்ப நான்?"

"நீர் நிரந்தரமா வீட்டிலை இருக்கலாம்," என்றார் தம்பிராசா, மிகவும் அன்பாக.

அன்று வீட்டுக்கு வந்த சிவதர்ஷன் சாப்பிடவில்லை. நிவேதனா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இன்னும் ஒரு கையெழுத்துத்தான்," என்றான். "போட்டால் கந்தோர் மூடிப்போடும்."

"ஆற்றை கையெழுத்து?"

"என்ரை."

அவள் சாப்பாட்டுக் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள். "அஞ்சு இடம் உங்களைக் கேக்காமல் பூட்டினது. உந்த ஒண்டுதான் உங்களைக் கேட்டுப் பூட்டப்போகுது. பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

அடுத்த நாள் சிவதர்ஷன் கந்தோர் வளவைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம், வாழைக்கு அருகில், ஒரு கிணறு இருந்தது. எல்லோரும் அதில்தான் கைகழுவினார்கள், தேத்தண்ணிக்கு அள்ளினார்கள்.

"உது எண்ணுப்பட்டதோ மிஸ்?" என்று கேதீஸ்வரியைக் கேட்டான்.

"எண்ணேல்லை. எங்கடை பாவனையிலை இருக்கிற கிணத்தை நாங்களே எண்ணக்கூடாதாம். பக்கச்சார்பு வருமாம்."

சிவதர்ஷன் அந்தக் கிணற்றுக்குள் கனநேரம் எட்டிப் பார்த்தான். பிறகு தன் கதிரைக்குப் போய் மேலிடத்துக்கு எழுதினான். எல்லாக் கிணறும் எண்ணப்படாமல் கந்தோரை மூட முடியாது. கந்தோர் இருக்கும் வரை இந்தக் கிணற்றை எண்ண முடியாது. இது தொடர்பாகத் தங்கள் மேலான ஆலோசனையை எதிர்பார்த்து நிற்கிறேன்.

மேலிடம் பிரமித்தது. இவ்வளவு நுட்பமான தடங்கலைக் கண்டுபிடித்த ஒருவரை இதுவரை அவர்கள் கண்டதில்லை. சட்ட ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேறொரு அமைச்சுக்குப் போனது. இடைக்காலத்தில் கிணற்றைப் பாதுகாக்கும்படி உத்தரவு வந்ததால் காவலாளி எடுக்கப்பட்டார். மூடுகைப் பிரிவுக்குத் தனி அறையும், போன வாகனத்துக்குப் பதில் புது வாகனமும் வந்தன. தம்பிராசா நிம்மதியாகப் பென்சன் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கதிரையில் பதில் பணிப்பாளராகச் சிவதர்ஷன் அமர்ந்தான்.

இப்போது அவனை எல்லாக் கடையிலும் உள்ளே கூப்பிட்டு இருத்துகிறார்கள். சலூன்காரர் அவனுக்குப் புதுத் துவாய் எடுக்கிறார். நெல்லியடியில் யாராவது பிள்ளையை ஏசுவதென்றால், "சிவதர்ஷனைப் பார், எப்பிடி நிண்டு பிடிச்சவன்" என்று சொல்லித்தான் ஏசுகிறார்கள்.

போன மாதம் 'உதவி மூடுகை உத்தியோகத்தர்' பதவிக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. முதலாவதாக உள்ளே வந்தவர் ஜெயரூபன். கோட்டு இல்லை. ரியூசன் நிலையம் மேல்மாடியைத் திருப்பி எடுத்துவிட்டதாம். ரொறன்ரோவிலும் மூன்று இடம் மாறியிருந்தார். அங்கே ஒன்று பூட்டியது, ஒன்று கைமாறியது, மற்றதில் இவருடைய வேலையைக் கணினி செய்யத் தொடங்கியது.

சிவதர்ஷனைக் கண்டதும் ஜெயரூபன் ஒருகணம் தடுமாறினார். ஆழமான பயணம், மாற்றத்துக்கான அழைப்பு என்று என்னவோ தொடங்கப் போகிறார் என்றுதான் சிவதர்ஷன் நினைத்தான். ஜெயரூபன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் ஒரு இடத்தையும் விட்டிட்டு வரேல்லை, சேர். எல்லாம்தான் என்னை விட்டிட்டுப் போனது. வீட்டிலை ரெண்டு பிள்ளையள்."

அந்த வசனம் யாருடையது என்று சிவதர்ஷனுக்குத் தெரியும். அவன் யன்னலால் வெளியே பார்த்தான். காவலாளி கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தார்.

கேதீஸ்வரி மிஸ் அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், உவர் போன இடமெல்லாம் பூட்டியிருக்கு. உள்ளை எடுத்தால் எங்கடையையும் பூட்டிப்போடுவார்."

சிவதர்ஷன் ஜெயரூபனின் வேலைகளை மேலிருந்து கீழே பார்த்தான். கீழிருந்து மேலே பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான். பதவிக்கு வந்த பிறகு அவன் கண்ணாடி போடத் தொடங்கியிருந்தான்.

"அது சரி அண்ணை," என்றான். "ஆனா ஏன் ஒரு இடத்திலையும் நிண்டு பிடிக்கேல்லை?"

பதவி வேறொருவருக்குக் கிடைத்தது. அவர் இதுவரை எந்த வேலைக்கும் போனதில்லை, ஆகவே அவர் போய் எந்த இடமும் பூட்டியதாகச் சான்று இல்லை. அளவெட்டிச் சோமசேகரத்தின் மகன், டினேஸ். கொள்கை வென்றது.

இதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. வேறு ஊர்க்காரர் இதைப் பயம் என்று நினைப்பார்கள். அது பயம் இல்லை. அடுத்த மாதம் இன்னும் நான்கு உதவியாளர் எடுக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய வீட்டிலும் வேலைக்குப் போகாத பிள்ளை ஒன்று இருக்கிறது.